கருங்கோட்டைப் பூதம்

விஜயலட்சுமி வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை எதிரே தெரிகிற அந்த ஊரில் பால் சொசைட்டிக்காரரிலிருந்து மினி பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் இது தெரியும். ரிஷிவந்தியத்திலிருந்து பத்தொன்பது வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு மரவள்ளிக் கொல்லை, மாடுகள், கொழுந்தன் பகலவனின் படிப்பு என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து நடத்தியது அவள்தான். கணவர் வீரமணி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், வீட்டில் எது நடந்தாலும் "விஜயாவக் கேளு" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிவிடுகிறவர்.

பகலவனுக்குக் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை. எதிர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மலர்விழியை அவன் விரும்பியபோது வீரமணி ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். மலையடிவாரத்துக் கூலிக்காரக் குடும்பம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. "பையன் ஒத்தக் கால்ல நின்னுக்கினு கீறான், கட்டிவெச்சிட்டு வேலையப் பாருங்க" என்று பேசி முடித்தது விஜயாதான். அந்த உபகாரத்தை அவளும் மறக்கவில்லை, மலரையும் மறக்க விடவில்லை.

கோயம்புத்தூரில் படிக்கிற மகள் தேவிப்ரியாதான் அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரிய அட்டையில் ஒரு கறுப்புக் கோட்டை, அதைச் சுற்றி விளக்குகள். ஆளுக்கொரு சீட்டு. நான்கு பேர் காவலர்கள். ஒருவர் மட்டும் காவலர் வேஷத்தில் இருக்கிற பூதம். எல்லோரும் கண்ணை மூடியதும் பூதம் ஒரு விளக்கை அணைத்துவிடும். கண்ணைத் திறந்ததும் ஒருவரையொருவர் குடைந்து குடைந்து கேட்டு, பூதம் யாரென்று விரல் நீட்ட வேண்டும். சரியான ஆளைக் காட்டினால் காவலர்களுக்கு வெற்றி. அப்பாவியைக் காட்டினால் பூதத்துக்கு வெற்றி.

முதலில் "இன்னா சின்னப்புள்ளத்தனம்" என்று அலுத்துக்கொண்டவள் விஜயாதான். ஒரே வாரத்தில் வீட்டில் அவளை அடிக்க ஆளில்லை. கையில் பூதச் சீட்டு இருந்தால் முகத்தில் ஒரு சுருக்கம் தெரியாது. அடுத்தவர் மேல் சந்தேகத்தைத் திருப்புவதில் கெட்டிக்காரி. மலர்விழியைப் பிடிக்கிற வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கேள்வி கேட்டால் மலரின் கை தானாக வாயை மூடப் போகும். "கை வாய்க்குப் போயிடுச்சி பாரு, இவதான் பூதம்" என்பாள் விஜயா. உடனே நான்கு விரல்களும் மலரை நோக்கி நீளும். பாதி நேரம் மலர் வெறும் காவலராகத்தான் இருப்பாள். பயந்தாலும் அவளுக்குக் கை வாய்க்குத்தான் போகும் என்பதை யார் யோசித்தார்கள்? சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைப்பார்கள்.

மாசி மாதத்தில் கிழங்கு அப்பளம் போட்டார்கள். விஜயாவும் மலரும் உட்கார்ந்து ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்தார்கள். பச்சைத் தோல் மாட்டுக்கு விஷம் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தோலை வாரி அன்னக்கூடையில் போட்டு, தூரத்துக் குப்பைக்குழியில் கொட்டிவிடுவார்கள். அன்று மலர் அப்பளம் காயவைக்க மாடிக்குப் போயிருந்தாள். விஜயா அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது மகளிர் குழுத் தலைவி போனில் அழைத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, யாரையோ ஒரு பிடி பிடித்துக்கொண்டே, தினமும் கழனித்தண்ணி ஊற்றுகிற பழக்கத்தில் கூடையை மாட்டுத்தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கவிழ்த்தது தெரியாமலேயே பேசிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சாயங்காலம் செவலைப் பசு வயிறு உப்பி விழுந்தது. கன்று போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாட்டு டாக்டர் வண்டியை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மரவள்ளித் தோலுங்க. யாரு போட்டது?" என்று கேட்டார் அவர்.

அந்த நொடியில்தான் விஜயாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இடுப்பில் இருந்த கூடை, காதில் இருந்த போன், தொட்டி. வீரமணி திரும்பி, "தோல யாரு கொண்டுபோனது?" என்றார். மாடியிலிருந்து ஓடிவந்த மலர், "நான் இல்லீங்க மாமா" என்றாள். அவள் கை வாய்க்குப் போனது.

"கை வாய்க்குப் போயிடுச்சி பாரு" என்றாள் விஜயா.

யோசித்துச் சொன்னதல்ல. அகப்பட்டுக்கொள்ளப் போகிற நேரத்தில் இன்னொருத்தரைக் காட்டிவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. பகலவன் எல்லோர் முன்னாலும் மலரை, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கேட்டான். தாயில்லாத கன்று கத்திக்கொண்டே இருந்தது.

அதன்பிறகு மலரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் விடவில்லை. வீரமணி அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுகூட முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் இரண்டு பேர், "கொல்லை இருந்தாத்தானே தோலப் பத்தித் தெரியும்" என்று காதில் விழும்படி பேசினார்கள். மலர் குனிந்து பாத்திரம் தேய்த்தாள்.

விஜயாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று காலையில் எழுவாள். பல் விளக்கும்போது தைரியம் இருக்கும், அடுப்பைப் பற்றவைக்கும்போது போய்விடும். சொல்லிவிட்டால் நாளைக்கு இந்த வீட்டில் யார் தன் பேச்சைக் கேட்பார்கள் என்ற பயம். மாடு செத்ததைவிட அந்த வார்த்தையைச் சொன்னதுதான் அவளை அரித்தது. மாட்டைக் கொன்றது கவனக்குறைவு, மலரைக் காட்டியது? தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மீன் குழம்பு வைத்தபோது நல்ல துண்டாகப் பார்த்து மலரின் தட்டில் போட்டாள். "எனக்கெதுக்குக்கா, மாமாவுக்கு வைங்க" என்று அதைத் திருப்பிப் போட்டாள் மலர்.

தேவிப்ரியா விடுமுறைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் அட்டையைக் கூடத்தில் விரித்தாள். "சித்தி, நீயும் வா" என்று மலரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். விஜயாவுக்கு அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்தாள். சீட்டை எடுத்துப் பார்த்தாள். பூதம்.

கண்ணை மூடினார்கள். விஜயா ஒரு விளக்கை அணைத்தாள். கண்ணைத் திறந்ததும் தேவிப்ரியா, "சரி, யாரு மேல சந்தேகம்?" என்று ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றாள் மலர். கை மடியிலேயே இருந்தது. "என்னையே காட்டிடுங்க. மாவு அரைக்கணும், எனக்கு வேலை கீது."

பகலவன் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான். வீரமணியும் நீட்டினார். தேவிப்ரியா, "என்ன சித்தி, ஒரு ரவுண்டு கூட ஆடலியே" என்று சலித்துக்கொண்டே நீட்டினாள். மலர் சீட்டைத் திருப்பிப் போட்டாள். காவலர். விஜயாவின் கையிலிருந்த சீட்டைத் தேவிப்ரியா பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

"அண்ணி எவ்ளோ கமுக்கமா குந்திக்கினு கீறாங்க பாரு" என்றான் பகலவன்.

அதற்கு மேல் விஜயாவால் முடியவில்லை. "அந்தத் தோலத் தொட்டியில கொட்டுனது நான்தான்" என்றாள். "போன் பேசிக்கினே போனேன். குழியில கொட்டறதத் தொட்டியில கவுத்துட்டேன். மலரு மேல தப்பே இல்ல. தெரிஞ்சேதான் அவளக் காட்டிவுட்டேன்."

வீரமணி, "ஆட்டம் முடிஞ்சிபோச்சி விஜயா, இன்னும் இன்னா நடிப்பு" என்றார். தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, மூஞ்சியப் பாத்தா நெசம் மாதிரியே கீது."

"நெசம்தாண்டி. சத்தியமா."

"இந்தச் சத்தியத்த நம்பி நாங்க எத்தினி வாட்டி தோத்திருக்கோம்" என்றான் பகலவன். பிறகு அவன் குரல் இறங்கியது. "போதும் அண்ணி. அவ மூஞ்சி வாடிக்கெடக்குன்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. எங்களுக்குப் புரியாதா? நானும் அவளக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் திட்டிட்டேன்."

விஜயா மலர் பக்கம் திரும்பி, "நீயாவது நம்பு மலரு. நீ மாடியில இருந்த. உனக்குத் தெரியுமே, நீ கொட்டலன்னு" என்றாள்.

மலர் யோசித்தாள். "அப்படித்தான் நெனச்சேன்க்கா. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே கொழம்பிடுச்சி. நான்தான் கொட்டிட்டு மறந்திருப்பேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. நகர்ந்து வந்து விஜயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வூட்ல எனக்காகப் பொய் சொன்ன மொத ஆளு நீங்கதாங்க்கா."