சட்டைப் பாக்கெட் டீச்சர்

ஆறு வருஷம் நான் சட்டைப் பாக்கெட் தைத்தேன். வேறு எதுவும் தைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. காலையில் எங்கள் ஊர் சேக்காட்டுக்கு வந்து வேன் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். உள்ளே நீளமாக லைன் போட்டு மிஷின்கள். ஒருத்திக்குக் காலர், அடுத்தவளுக்குக் கை, அதற்கடுத்தவளுக்கு சைடு. எனக்கு இடது பக்க நெஞ்சுப் பாக்கெட். கட்டிங் செக்‌ஷனில் வெட்டி, நம்பர் ஒட்டி, பண்டல் கட்டி அனுப்புவார்கள். நான் மடித்து, வைத்து, ஓட்டி, அடுத்தவள் கூடையில் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். பீற்றிக்கொள்ளவில்லை, ஒருநாள் பந்தயம் கட்டி நிஜமாகவே தைத்துக் காட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. வெளியே யாராவது விசாரித்தால் "டைலரிங்" என்பேன். தெருவில் எல்லோரும் என்னை டைலர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியை மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். அதே மாதம் என் வீட்டுக்காரர், அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்தார். டாக்டர் ஆறு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார். வீட்டில் நிற்கிற ஆள் நான் ஒருத்திதான்.

பூந்தமல்லி வரைக்கும் அலைந்தேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, "பத்தாவது பாஸா?" கணக்கில் கோட்டை விட்டவள் நான். திரும்ப எழுதலாம் என்று இருந்தபோது கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அதற்கும் மார்க் ஷீட் ஜெராக்ஸ் வேண்டுமாம். "ஏம்பா, வெண்டைக்காய் கேக்குதா மார்க் ஷீட்டு?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒருவேளை எடுத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் சிஸ்டர் கூப்பிட்டார். தெரிந்த ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் கிராமத்தில் பெண்களுக்குத் தையல் சென்டர் நடத்துகிறார்கள், டீச்சர் வேண்டும். டிப்ளமோ படித்த இரண்டு பேர் போனார்கள், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. போக்குவரத்தே இல்லாத ஊர், அதனால் சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அனுபவம் இருந்தால் போதும் என்கிறார்கள். "உனக்குத்தான் டைலரிங் தெரியுமே," என்றார்.

"தெரியும் சிஸ்டர். ஆறு வருஷம்," என்றேன். ஆறு வருஷம் என்பது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆவடியில் பஸ் ஏறி, கோவில்பதாகை தாண்டி, வடக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டில் இறக்கிவிடுவான். அங்கிருந்து ஊருக்குள் போகிற பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதைத் தவறவிட்டால் ஏரிக்கரை மேல் முக்கால் மணி நேரம் நடை. போன் டவர் கரையோடு முடிந்துவிடும். என் வீட்டிலிருந்து பார்த்தால் பெரிய தூரமில்லை. ஆனால் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்த முதல் நாள், டிப்ளமோக்காரிகள் ஏன் ஓடினார்கள் என்று காலுக்குப் புரிந்தது.

சென்டர் ஒரு பழைய ரேஷன் கடைக் கட்டடம். நாலு மிதி மிஷின். கழனி வேலை இல்லாத நேரத்தில் வருகிற பத்துப் பன்னிரண்டு பெண்கள். முதல் இரண்டு வாரம் ஜாலியாக ஓடியது. நூல் கோப்பது, பாபின் சுற்றுவது, பேப்பரில் நேர் கோடு ஓட்டுவது. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி சென்டருக்கு எதிர்வீட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். வெடுக் வெடுக்கென்று பேசுவாள், முகத்தில் சிரிப்பு தெரியாது. மூன்றாவது வாரம் அவள் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே பட்டுப்புடவையோடு வருகிற பிளவுஸ் பிட், அதன் மேல் ஒரு அளவு ஜாக்கெட். எங்கள் பக்கம் எந்தப் பெண் டைலரிடம் போய் உடம்பைக் காட்டி அளவு கொடுக்கிறாள்? நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி என்று சொல்வதுதான் பழக்கம்.

"தம்பிக்குக் கல்யாணம் டீச்சர். இந்த வாரத்துக்குள்ள ஓணும்," என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? டீச்சராயிற்றே. எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அளவு ஜாக்கெட்டைத் துணி மேல் விரித்து, ஓரத்தோடு ஓரமாக சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டின் மேலேயே வெட்டினேன். எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன் என்று நானே மெச்சிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்து தைத்தும் முடித்தேன்.

தைக்கிறவர்கள் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தையல் உள்ளே போக ஓரத்தில் துணி விட்டு வெட்ட வேண்டும். தையல் பழகுகிற எந்தப் பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். எனக்குத் தெரியாது. கம்பெனியில் என் கைக்கு வந்த ஒவ்வொரு துண்டுக்கும் அந்தத் துணியை கட்டிங் செக்‌ஷனில் யாரோ விட்டிருந்தார்கள். ஆறு வருஷமும் நான் அதை மடித்து மடித்துத் தைத்தேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் வந்து போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

கழற்றி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "இது எனக்கா டீச்சர், எம் பொண்ணுக்கா?" அவள் பெண் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது. பட்டு பிட், கடையில் போய் அதே துணி வாங்கவும் முடியாது. இவள் ஒரு வார்த்தை டிரஸ்ட்டுக்குச் சொன்னால் போதும், நான் மறுபடி வெண்டைக்காய்க்காரனிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

அவள் ஜாக்கெட்டை உள்புறம் திருப்பினாள். தையலை விரலால் நீவி நீவிப் பார்த்தாள். "தையல் நூல் புடிச்சாப்ல நேரா கீது. வெட்டு மட்டும் இன்னா இப்டி? நீ இதுக்கு முன்ன துணி வெட்டினதே இல்லியா?"

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. சட்டைப் பாக்கெட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வீட்டில் படுத்திருப்பவரையும் சொன்னேன்.

"ஆறு வருசம் பாக்கெட்டு மட்டுமா?"

"இடது பக்கம் மட்டும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்து, முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஜாக்கெட்டுக்கு ஏதுடி பாக்கெட்டு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மானமே போனது. ஆனால் அவள் "டி" போட்டதில் ஏதோ ஒரு தெம்பும் வந்தது.

அப்புறம்தான் அவள் கதை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கிழிந்துபோன ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் போட்டு, நியூஸ்பேப்பரில் வரைந்து, வெட்டுவதற்குத் தானாகவே பழகியிருந்தாள். தைப்பது கை ஊசியில்தான். மிஷின் வாங்கித் தரச் சொன்னால், கழனிக்குப் போகிறவளுக்கு மிஷின் எதற்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு டீச்சர் ஓடிப் போனாங்கோ. நீயும் போய்ட்டா இந்த மிஷினை எல்லாம் வண்டியில ஏத்திக்கினு போய்டுவானுங்கோ. நான் சொல்ல மாட்டேன். நீ எனக்கு மிஷின் சொல்லிக் குடு. வெட்டுறத நான் பாத்துக்கறேன்," என்றாள்.

புடவையின் உள்மடிப்பில் கொசுவத்துக்குள் மறைகிற இடத்தில் கொஞ்சம் வெட்டி, கையிலும் அக்குளுக்குக் கீழேயும் பட்டி கொடுத்து, அந்த ஜாக்கெட்டைக் காப்பாற்றினாள். கல்யாணத்தில் கையைத் தூக்காமலே நின்றதாகச் சொன்னாள்.

இப்போது நினைத்தாலும் அந்தக் காலை வேளைகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. வகுப்பு பத்தரைக்கு. நான் காலை பஸ்ஸிலேயே போய்விடுவேன். அவள் மாட்டைக் கட்டிவிட்டு, சாணி வாசனையோடு கை கழுவிக்கொண்டு வருவாள். தரையில் பேப்பரை விரித்து உட்காருவோம். டேப் வேண்டாம் அவளுக்கு, விரல் அகலம்தான் கணக்கு. "இங்க ஒரு விரக்கடை வுடு. கழுத்துக்கு அரை விரக்கடை. கை வளைவுல கஞ்சத்தனம் பண்ணாத." தப்பாக வெட்டினால் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். அப்புறம் அவள் வீட்டிலிருந்து கேழ்வரகு அடை வரும், கோபம் போய்விடும். பதிலுக்கு அவள் மிஷினில் உட்கார்ந்தால் நான் பழி தீர்த்துக்கொள்வேன். காலும் கையும் சேராமல் அவள் ஊசியை உடைத்த கணக்கு எனக்குத்தான் தெரியும். பத்தரைக்கு மற்றவர்கள் வந்ததும் அவள் எழுந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "வணக்கம் டீச்சர்," என்பாள். அந்தச் சொல்லில் இருக்கிற நக்கல் எனக்கு மட்டும் கேட்கும்.

நாலாவது மாதம் டிரஸ்ட்டிலிருந்து ஒரு மேடம் காரில் வந்து இறங்கினார். நோட்டுகளைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். பிறகு, "எல்லாருக்கும் முன்னால ஒரு பிளவுஸ் வெட்டிக் காட்டுங்க டீச்சர்," என்றார். அந்த நேரத்துக்கு நான் பேப்பரில் தேறியிருந்தேன், துணியில் இன்னும் தைரியம் வரவில்லை. துணியை விரித்தேன். கோடு போட்டேன். கத்தரிக்கோலை எடுத்ததும் மூளையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது போல ஆனது.

கடைசி வரிசையிலிருந்து அவள் முன்னால் வந்தாள். "டீச்சர், ஒரு டவுட்டு. தையலுக்கு ஒரு விரக்கடை வுடணும்னு நேத்து சொன்னீங்களே, அது கோட்டுக்கு வெளியவா உள்ளவா?"

"வெளியே," என்றேன். கோட்டை விட்டு வெளியே நகர்ந்தேன்.

"டீச்சர், துணிய ரெண்டா மடிச்சு வெட்டச் சொன்னீங்களே, மடிப்பு எந்தப் பக்கம் வரணும்?" நான் துணியைத் தப்பாகப் போட்டிருந்தேன். திருப்பிப் போட்டேன். "டீச்சர், கை வளைவு முன்பக்கம் கொஞ்சம் ஆழமா வருமே, அது எதுக்கு டீச்சர்?" இப்படியே கழுத்து, டாட், பட்டி என்று சந்தேகம் கேட்டுக் கேட்டே என்னைக் கரையேற்றினாள். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "ஸ்டூடண்ட்ஸ் இவ்ளோ நல்லா கேள்வி கேக்குறாங்கன்னா, டீச்சர் நல்லா சொல்லித்தராங்கன்னு அர்த்தம்," என்று எழுதிக்கொண்டு போனார்.

வேலை நிலைத்தது. வீட்டுக்காரர் எழுந்து நடந்தார், மெல்ல வேலைக்கும் போனார். மூன்று வருஷம் அந்த ஊருக்குப் போய்வந்தேன். பிற்பாடு நானே துணிச்சலாக வெட்டினேன், வெளியூரிலிருந்தெல்லாம் பிளவுஸ் வந்தது. ஆனால் "டீச்சர் கட்டிங் பிரமாதம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். திரும்பிப் பார்ப்பேன். அவள் காதில் விழாத மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். பலமுறை மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. அவளுக்கு நான் மிஷின் சொல்லிக்கொடுத்தேனே, சரிக்குச் சரி ஆயிற்றே என்று தேற்றிக்கொள்வேன். சரிக்குச் சரி ஆகவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வருஷம் பூந்தமல்லி பக்கம் யூனிபார்ம் தைக்கிற ஒரு கம்பெனி, பெண்களைக் கட்டிங்குக்கு எடுக்கிறது என்று செய்தி வந்தது. வேன் ஊர் ரோட்டு வரைக்கும் வரும். அவள் ஆசைப்பட்டாள். பயிற்சி முடித்ததற்குப் பேப்பர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். டிரஸ்ட்டில் சொன்னதும் அச்சடித்த சான்றிதழ் ஒன்று அனுப்பினார்கள்.

அவள் குளித்து, அந்தப் பட்டி வைத்த ஜாக்கெட்டைப் போடாமல் புதிதாகத் தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றாள். கீழே ஒரு கோடு, அதன் அடியில் "பயிற்சி அளித்தவர்" என்று இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுல நீதான் போடணும்டி கையெழுத்து. உனக்கு நான் இல்ல, எனக்கு நீ போடணும்," என்றேன்.

"நான் போட்டா எவன் மதிப்பான்? சீக்கிரம் போடு டீச்சர், பஸ்ஸு வந்துடும்," என்றாள். இந்த முறை அவள் சொன்ன "டீச்சர்" என்பதில் நக்கல் இல்லை.

போட்டேன். எனக்கு வெட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, என்னிடம் வெட்டக் கற்றுக்கொண்டாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் என் பேரை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, பேப்பரை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.