மீன்காரம்மாவுக்கு மீன் கிடையாது

சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்ததும் முத்தாலம்மாள் முதலில் அதை மோந்து பார்க்கிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராக அடிபம்பிடம் போகிறாள். கணவனின் பழைய லுங்கியைக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றிய துணி அது. விடியற்காலையிலிருந்து மீன் நிறைந்த அலுமினியக் கூடையைத் தாங்கியிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்துக் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் வாட்ச்மேன் சின்னப்பன், அவளைக் கண்டதும் யாரும் கேட்காமலே பம்பை அடிக்க ஆரம்பிக்கிறார். துணியை அலசிப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். எலுமிச்சம்பழத் தோலால் விரலிடுக்கு, முழங்கை, கணுக்கால் எல்லாம் தேய்க்கிறாள். பிறகு கையைச் சின்னப்பனின் மூக்குக்கு நேராக நீட்டுகிறாள்.

"வருதா?"

"வரல."

"மூஞ்சியப் பாத்து சொல்லு. நெஜமா வரல?"

"முப்பது வருசமா பீடி குடிக்கிற மூக்கு அக்கா இது. நல்ல மூக்கா பாத்துக் கேளு."

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பதினோரு மணிக்கு மாடி ஹாலில் பெண்களுக்கு யோகா வகுப்பு நடக்கிறது. முத்தாலம்மாள் அதில் பத்தாவது ஆள்; மீன் விற்காத வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டாள்.

வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குப்பம் ஒன்றில். வயதைக் கேட்டால், "நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்பால வுட்டுட்டேன்" என்பாள். படகு கரைக்கு வந்ததும் மணலிலேயே ஏலம் எடுத்து, நான்கு பெண்கள் சேர்ந்து பிடித்த மினிடோர் வண்டியில் ஏறி, எட்டு மணிக்குக் காலனி முனையில் இறங்குகிறாள். அங்கிருந்து எல்லாம் தலைச்சுமைதான். கதவு எண் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. மூன்றாம் தெருவில் வஞ்சரம் வூடு, அதற்கு எதிரே நெத்திலி வூடு, முனையில் பிள்ளை பெற்ற பெண் இருப்பதால் இப்போதைக்குச் சுறா வூடு. பச்சை கேட் போட்ட ஒரு வீட்டைத் தாண்டும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள். அது மீனு இல்லாத வூடு. சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கனும் அவர் மனைவி திரிபுரசுந்தரியும் அங்கே இருக்கிறார்கள்.

அவள் யோகாவுக்கு வந்து சேர்ந்ததே காது செய்த தவறால்தான். சென்ற வருடம் ஒரு சித்திரை வெயிலில், கூடையில் பாதி மீன் மீந்துபோய், சங்கக் கட்டடத்து நிழலில் நின்றிருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "மீன்... மீன்... இன்னும் கொஞ்சம் மீன்!" மீந்த மீனுக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தாள். "தோ வரேம்மா!" என்று கத்தியபடி கூடையோடு படியேறிவிட்டாள். உள்ளே ஒன்பது பெண்கள் மல்லாந்து படுத்து, நெஞ்சைத் தூக்கி, தலையைப் பின்னால் மடித்து, உச்சந்தலையைத் தரையில் ஊன்றியிருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் அவளைத் தலைகீழாகப் பார்த்தார்கள்.

"எத்தினி கிலோ?" என்றாள் முத்தாலம்மாள்.

முதலில் யாரோ ஒருத்தி சிரித்துச் சரிந்தாள். பிறகு வரிசை முழுவதும் சரிந்தது. யோகா ஆசிரியை மிருதுளா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "இது மத்ஸ்யாசனம்மா. மீன் மாதிரி இருக்கறது."

"எந்த மீனு?"

டிப்ளமோ வகுப்பில் இப்படி யாரும் மிருதுளாவைக் கேட்டதில்லை.

"மல்லாந்து கெடந்தா அது செத்த மீனு டீச்சரம்மா. உசுரு கீற மீனு எங்கனா மல்லாக்கப் படுக்குமா? நல்லாக் கீற பொம்பளைங்கள இன்னாத்துக்கு இப்டி சாவடிக்கற?"

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கப் பார்த்தாள். இறக்க முடியவில்லை. கழுத்து பூட்டிக்கொண்டது. இடது கை மரத்துப்போய், விளிம்பைப் பிடிக்க மறுத்தது. மிருதுளா ஓடிவந்து தாங்கினாள். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள்: இந்த அம்மாள் பக்கவாட்டில் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்புவதில்லை, உடம்பையே திருப்புகிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருசமாக் கீது. ஆஸ்பத்திரில டாக்டரு சொமக்காதன்றாரு. சொமக்கலன்னா மீனு நடந்து வருமா?"

அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டாள். விரித்துக்கொள்ள அவள் கொண்டுவந்தது, யாருடைய காதுகுத்துக்கோ அடித்த பிளெக்ஸ் பேனர். படம் போட்ட பக்கத்தைத் தரையில் கவிழ்த்துத்தான் விரிப்பாள். "மூஞ்சி மேல காலு வெக்கக் கூடாதில்ல?" முதல் நாள் ஓங்காரம் சொன்னபோது மற்றவர்களெல்லாம் மூச்சை முடித்துக் கண்ணைத் திறந்த பிறகும் அவளுடையது மட்டும் நீண்டுகொண்டே போனது. நான்கு தெருவுக்கு மீன் கூவிய மூச்சு அது. கடைசியில் குரல் தானாகவே மேலே ஏறி ஒரு சுழி சுழித்து நின்றது. எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேட்டாள்.

மிருதுளா அவளுக்கு ஒரே ஒரு தடை போட்டிருந்தாள். கழுத்து முழுதும் சரியாகும்வரை மத்ஸ்யாசனம் செய்யக் கூடாது. மெதுவாகக் கழுத்தை அசைக்கலாம், பாம்புபோல நெஞ்சைத் தூக்கலாம், மூச்சை எண்ணலாம். அது மட்டும் வேண்டாம். முத்தாலம்மாள் இதைத் தெருத் தெருவாகச் சொல்லிச் சிரித்தாள். "கேட்டியா கதைய? மீனு விக்கறவளுக்கு மீனு கெடையாதாம்!" அந்த ஆசனம் வரும் ஐந்து நிமிடமும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொருத்தியையும் நோட்டம் விடுவாள். "நீ சங்கரா. நீ கெளுத்தி, ஒடம்ப வெறப்பா வெச்சிகினுகீற. அந்தம்மா நெத்திலி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடும்."

ஐந்தாவது மாதம் ஒரு நாள், பின்னாலிருந்து யாரோ "மீன்காரம்மா!" என்று கூப்பிட, திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் உறைத்தது, தலை மட்டும் திரும்பியிருந்தது. கூப்பிட்டவளை மறந்து, கூடையோடு நடுத்தெருவில் நின்று, இடமும் வலமுமாக நான்கு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இப்போது மீன் வெட்டும் கத்தி கையிலிருந்து நழுவுவதில்லை. யாராவது அநியாயமாகப் பேரம் பேசினால் சண்டைக்குப் போவதற்கு முன் நாலு எண்ணி மூச்சு இழுக்கிறாள். ஐந்தாவதில் சண்டைக்குப் போகிறாள்.

"அப்பிடி இன்னாதான்டி கீது அங்க?" என்று கணவன் பொன்னுரங்கம் ஒருநாள் கேட்டான்.

"ஒரு மணி நேரம் எவளும் என்னாண்ட வெல கேக்கறது இல்ல. மூச்சு வுடுன்றாங்க, வுடறேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொன்னாலும் அவ்வளவு மட்டும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசிப் பழகிய பெண்கள், இங்கே இரண்டு இரண்டு பேராகக் குனிந்து நிமிரும்போது அவள் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிறுசேரியில் வேலைக்குப் போகும் அவள் மகள் நிஷாவுக்கு வரன் பார்ப்பதுகூட அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். முதுகு பிடிக்காதவர் திரிபுரசுந்தரி ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடுஞ்சொல் ஒன்றும் சொன்னதில்லை. முத்தாலம்மாள் வந்த இரண்டாம் நாள் தன் விரிப்பை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். ஊதுபத்தி ஒன்று இரண்டாயிற்று. முத்தாலம்மாளும் தன் பிளெக்ஸை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் தவறு நடந்தது. வகுப்பு நேரத்தில் கூடை கீழே சின்னப்பனின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அன்றைக்குச் சின்னப்பன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஒரு சாம்பல் பூனை கூடையையே சுற்றிச் சுற்றி வந்தது. முத்தாலம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படி திரும்பும் இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். கூடைத் தண்ணீர் படிப்படியாக வடிந்து கீழ்வாசல்வரை இறங்கியது. சாயங்காலம் அதே ஹாலில் விளக்கு பூஜை. முத்தாலம்மாள் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவினாள். கழுவ, கழுவ, இரண்டும் சேர்ந்த ஒரு மூன்றாவது நாற்றம் வந்தது. பூஜைக்கு வந்தவர்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சின்னப்பன் படித்தார். "விற்பனையாளர்கள் மாடிக்கு வரக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்." படித்துவிட்டுப் பம்பைப் பார்த்தபடி நின்றார். "ஒன்னத்தான் அக்கா போட்டிருக்காங்க."

மிருதுளா கீழே இறங்கி வந்து, தான் கமிட்டியில் பேசுவதாகச் சொன்னாள்.

"வோணாம் டீச்சரம்மா. தப்பு எம்மேலதான். பூஜ நாளுல போயி..." என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் பம்படியிலேயே உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக மிருதுளா எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கேற்பக் கழுத்தைத் திருப்பினாள். தெருவில் போன தண்ணீர் லாரி குரலை மூடிவிட்டது. நான்கில் விட்டதை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. புதன்கிழமை மறுபடி முயன்றாள். மீன் வாங்கிப் பழகிய ஒருத்தி அவளைப் பார்த்து நின்று, "நெத்திலி இருக்கா?" என்று விலை கேட்டாள். அன்று மாலை இடது சுண்டுவிரல் மரத்தது.

சின்னப்பனிடம் அந்தத் தாளை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தார்.

"வித்துகினு வரவங்கதானே வரக் கூடாது?"

"ஆமா."

"வெள்ளிக்கெயம எவன் மீனு வாங்கறான்? அன்னிக்கி நான் விக்கறதே இல்லியே. வெள்ளிக்கெயம நான் யாரு?"

சின்னப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்து யோசித்தார். "வெள்ளிக்கிழம நீ வெறும் முத்தாலம்மா."

"அவ்ளோதான். அவ வருவா."

வெள்ளிக்கிழமை பேருந்தில் வந்தாள். கூடை இல்லாததால் கண்டக்டர் வாயே திறக்கவில்லை. ஊதா நிறப் பட்டுக்கரைப் புடவை, கொண்டையில் கதம்பம். வெறுந்தலையோடு நடப்பது என்னமோபோல் இருந்ததால் துவைத்த சும்மாட்டை மட்டும் இடுப்பில் செருகியிருந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் எட்டுப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் நேராகத் தன் பழைய மூலைக்குப் போனாள். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். திரிபுரசுந்தரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஊதுபத்தியை ஏற்றினார்.

மத்ஸ்யாசனம் வந்தது. முத்தாலம்மாள் வழக்கம்போல் சுவரில் சாய்ந்தாள். இன்று யாருக்கும் மீன் பெயர் வைக்கவில்லை. அவள் பார்வை ஜன்னலோரத்தில் நின்றது. திரிபுரசுந்தரிக்கு மட்டும் இந்த ஆசனம் இரண்டு வருடமாகவே அமைவதில்லை. நெஞ்சு உயர்ந்துவிடும். உச்சந்தலை மொசைக் தரையில் பட்டதும் வலியில் வழுக்கிவிடும். வழுக்கும், படுப்பார், மறுபடி எழும்புவார். இன்று நான்காவது தடவை வழுக்கியபோது அவர் கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது.

முத்தாலம்மாள் எழுந்து போனாள். "உச்சிக்கு எடம் பண்ணிக் குடுக்கணும் மாமி. மொட்டத் தரையில ஒக்காராது." இடுப்புத் துணியை உருவி இரண்டு முறுக்கு முறுக்கி வளையமாகச் சுற்றினாள். சுற்றிய கை, பழக்கத்தில், அதை மூக்குக்குக் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது. எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. மிருதுளா எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

திரிபுரசுந்தரி படுத்தபடியே முழங்கையை ஊன்றித் தலையை ஒரு விரற்கடை உயர்த்தினார். "கை வலிக்கறது. சீக்கிரம் வை."

வைத்தாள். இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தி, நிறைகூடையை ஏற்றுவதுபோல ஒரு கணம் நிதானம் பார்த்து, நடுவில் அமர்த்திவிட்டுக் கையை எடுத்தாள். நெஞ்சு உயர்ந்தது. தலை வழுக்கவில்லை. மிருதுளா மறுபடி எண்ண ஆரம்பித்தாள். பத்து, பதினைந்து, இருபது.

"முத்தாலம்மா," என்றார் திரிபுரசுந்தரி, முகம் தலைகீழாக இருந்தபடி. "திங்கக்கிழமையும் இது எனக்கு வேணும்."

"திங்கக்கெயம கூடையோட இல்ல வருவேன், மாமி?"

"கூடை கீழ இருக்கட்டும். இது மேல வரட்டும். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"பூன வந்தா?"

"பூனையையும் அவரே பாத்துக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்துச் சரிந்தார்கள். வகுப்பு முடிந்ததும் திரிபுரசுந்தரி சும்மாட்டை எடுத்து, கலைக்காமல், வளையமாகவே நீட்டினார்.

கீழே சின்னப்பன் அவள் இறங்கி வருவதைப் பார்த்ததும் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். கடைசிப் படியில் முத்தாலம்மாள் துணியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசம். மறுபடி ஒருமுறை மோந்தாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.