சவரிமுத்து மாமா மாட்டிய ஜெட்

பெட்ரோலில் ஊறிய பித்தளைத் துண்டை உதட்டில் வைத்து ஊதினால் முதலில் குளிரும், கொஞ்சம் கழித்து எரியும், அன்று முழுக்கச் சோற்றிலும் மோரிலும் அந்த வாடையே அடிக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் ஒரே ஒரு முறை நான் அப்படி ஊதியிருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை.

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் எங்களுடையது. டிராக்டரெல்லாம் பெரிய வீட்டுச் சங்கதி. எங்களிடம் இருந்தது பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடேறியதும் "கிருஷ்ணாயில்" என்று நாங்கள் சொல்லும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுகிற பழைய பம்புசெட் எஞ்சின் ஒன்றுதான். வாய்க்கால் வராத வருஷத்தில் குட்டையிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க அதை விட்டால் வேறு கதியில்லை. அந்த ஆவணியில் வாய்க்காலும் வரவில்லை, எஞ்சினும் நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அப்பா, புவனகிரி ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்த சவரிமுத்து மாமாவை அழைத்துவந்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரர்கள். அப்பா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார், அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார். ஆனாலும் ஒருவருக்கொருவர் மச்சான்தான், அந்த வழியில் எனக்கு அவர் மாமா. குட்டைக் கரையில் கோணியை விரித்து, கார்பரேட்டரைக் கழற்றி, மிதவை, முள், திருகு என்று ஒவ்வொன்றாகப் பெட்ரோல் ஊற்றிய அலுமினியத் தட்டில் போட்டார். கிழிந்துபோன கேஸ்கட்டுக்குப் பதிலாக எங்கள் வீட்டுப் பழைய காலண்டர் அட்டையையே அளவாக வெட்டி வைத்தார். கடைசியில் ஜெட்டை எடுத்தார். எண்ணெயை அளந்துவிடுகிற சின்னப் பித்தளைத் துண்டு அது, நடுவில் கடுகு நுழையாத துளை. விளக்குமாற்று ஈர்க்கை நூல்போலச் சீவி அதற்குள் விட்டு எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதுல மட்டும் ஊசி, ஊக்கு எதையும் வுடக்கூடாது மச்சான். ஒரு நூலு பெருசானாலும் எண்ணெய குடிச்சே செத்துடும்."

அவர் சொன்னது அப்பாவிடம். பக்கத்தில் குத்தவைத்து ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. எஞ்சின் அன்று மாலை வரை கம்பீரமாக ஓடியது.

மறுநாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்த நாளில் அந்தக் கோயிலில் ஒரு ஜோடிக்குப் பின்னால் இன்னொரு ஜோடி நிற்கும், சட்டென்று திரும்பி வர முடியாது. எஞ்சினை ஓடவிட்டு என்னைக் காவலுக்கு வைத்துப் போனார்கள். "நின்னுபோச்சுன்னா அப்பிடியே வுட்டுடு, வந்து பாத்துக்குறேன்" என்றார் அப்பா. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிற்று. எண்ணெய் டின்னில் தூசு இருந்திருக்கும். விட்டுவிடலாம்தான், ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. கழற்றினேன், ஊதினேன், அடைப்புப் போகவில்லை. ஈர்க்கைச் சீவி உள்ளே விட்டேன், அது அங்கேயே ஒடிந்துகொண்டது. தாவணியில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குடைந்தேன். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது, கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. மாட்டிக் கயிற்றை இழுத்தால் கரும்புகையாகக் கக்கிவிட்டுத் திணறி நின்றது. எல்லாவற்றையும் இருந்தபடியே முடுக்கி, சீயக்காய் போட்டுக் கை கழுவி, வீட்டில் போய்ப் பாடப்புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாமா வந்து திறந்து பார்த்தார். ஜெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்ட பெருசா இருக்கே மச்சான். முந்தாநாளு நான் போட்டது இப்பிடி இல்லியே."

"நீதான போட்ட? வேற யாரு தொட்டா?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ எதாச்சும் கை வச்சியா?"

"நான் கிட்டவே போவலப்பா" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுவது அதற்குத்தான்.

மாமா அன்றே கடலூருக்குப் பஸ் ஏறிப்போய், தன் காசிலேயே புது ஜெட் வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார். அதற்குள் நாற்றில் பாதி காய்ந்துவிட்டிருந்தது. நல்ல மனசோடு அவர் செய்ததே அவருக்கு வினையாயிற்று. மெக்கானிக்குகள் ஒரிஜினல் சாமானைக் கழற்றிக்கொண்டு தேய்ந்துபோனதை மாட்டிவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நடவாட்களுக்கு டீ வாங்கத் தூக்கோடு நான் நின்றிருந்த நேரத்தில், டீக்கடைப் பெஞ்சில் நாலு பேருக்கு நடுவே அப்பா சொன்னார்:

"சவரி நம்ம ஜெட்ட எடுத்துகினு பழச மாட்டிட்டான்யா. தப்பு இல்லாதவன் எதுக்குத் தானா போயி புதுசு வாங்கியாறான்?"

"அவன் ஜாஸ்தி பேசவே மாட்டான், அமுக்கமா இருப்பான். நான் அப்பவே நெனச்சேன்" என்றார் ஒருவர். அவர் எதையும் நினைத்தவர் இல்லை. வாயைத் திறக்க எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் டீயை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அப்புறம் எங்கள் ஊர் எஞ்சின்கள் ரிப்பேருக்குச் சிதம்பரத்துக்குப் போயின. பொங்கலுக்குள் மாமா ஒர்க் ஷாப்பை மூடிவிட்டு, செம்மங்குப்பத்தில் ஏதோ கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஊருக்குக் கரண்ட் மோட்டார் வரத் தொடங்கிய காலம், எப்படியும் மூடத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு நானே பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் நான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் நான், முதுநகரில் மகன் வீட்டில் இருந்த மாமாவை, பஸ்ஸில் பத்தே நிமிஷ தூரத்தில் இருந்தவரை, போன மாதம்தான் போய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, பெயரைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். ஊக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் போனேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"ஊக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என் டப்பாவுல பழைய ஜெட்டு நாலஞ்சு கெடக்கும்மா. நானே கை மாத்திப் பழசப் போட்டுட்டேனோன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். அதுக்கப்பறம் எந்த வண்டியத் தொட்டாலும் மனசு ஒப்பல. மாட்டுனதையே மறுபடி கழட்டிப் பாப்பேன். ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல மாமா."

"அவங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

எஞ்சின் பழைய இரும்புக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று, குட்டையைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. சவரிமுத்து திருடன் என்று நம்பியபடியே அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என் அப்பா உட்பட. இதைப் படிக்கிற உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தவரைக்கும் நான் சொல்லவில்லை.