இருவருக்கும் ஒரே எண்

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் மாடி அறையில் உட்கார்ந்து பூதங்களோடு சண்டை போடுகிறோம் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவியே முதலில் சீட்டாட்டம் என்றுதான் நினைத்தாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். நடத்துவது நான். ஷூ கம்பெனியில் எனக்குப் பிளானிங் வேலை. ஆடுகிற மூவரும் அதே கம்பெனிதான். இரண்டு பேர் என் பழைய தோஸ்துகள். மூன்றாவது, பேட்டர்ன் செக்‌ஷனில் கம்ப்யூட்டரில் ஷூ வரைகிற பெண். நாட்றம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். மிஞ்சிய லைனிங் தோலில் வரைபடம் வரைந்து வைத்திருந்தோம். ஷூவில் கயிறு கோக்கிற ஐலெட் வளையங்கள்தான் பூதங்கள்.

சண்டையின் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பூதத்துக்கு நான் உருட்டுவேன். பெரிய எண் விழுந்தவருக்கு முதல் முறை. இதைத் தாளில் எழுதி வரிசைப்படுத்துவதற்குள் என் தோஸ்துகள் போடும் கூச்சலில் பூதமே ஓடிவிடும். அந்தப் பேஜாருக்காகத்தான் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயரையும் எண்ணையும் தட்டினால் போதும், அது வரிசையாகக் கூப்பிடும். ஒவ்வொரு சுற்றின் வரிசையையும் சேமித்தும் வைக்கும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கம்பெனியில் யார் கிடைத்தாலும் லேப்டாப்பைத் திறந்து காட்டுவேன்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. போன மாதம் ஒரு ஞாயிறு, பாலத்தின் மேல் பெரிய சண்டை. அவளுடைய பாத்திரம் ஒரு வைத்தியக்காரி. அந்தப் பாத்திரத்துக்காகத் தனி நோட்டுப் போட்டு, எந்த ஊரில் என்ன மூலிகை பறித்தாள் என்பதுவரை எழுதி வைத்திருந்தாள். அன்று வைத்தியக்காரிக்குப் பலத்த அடி. பையில் மருந்து இருந்தது. தன் முறை வந்தால் குடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். மருந்தைக் குடிக்காமலே அந்தச் சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் பூதம் முந்திக்கொண்டது. ஒரே அடி, வைத்தியக்காரி செத்துப்போனாள்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த வாரத்துலேந்து நான் வரலண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் வந்த பிறகுதான் எங்கள் கதையில் ஊர்களும் மனிதர்களும் வந்தார்கள். அதற்கு முன் வெறும் அடிதடிதான். அவள் போனால் ஆட்டமே போச்சு. வேண்டுமென்றே நான் கொன்றுவிட்டதாக நினைக்கிறாளோ என்று கோபம் வேறு. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

"இத பாரும்மா. நானா கொன்னேன்? இது ஆள் பாத்து அடிக்காது. வரிசை அப்டியே இருக்கு பாரு."

வைத்தியக்காரி அடிபட்ட சுற்றின் வரிசையில் அவள் பெயர் இல்லை.

இன்னொரு முறை பார்த்தேன். பூதம் பதினான்கு. அவளும் பதினான்குதான் உருட்டியிருந்தாள். அதைத் தட்டியதே நான்தான். ஒரே எண் இரண்டு பேருக்கு வந்தால், என் ஸ்கிரிப்ட் முதலில் தட்டிய பெயரைத் தூக்கிவிட்டுப் பின்னால் தட்டியதை அந்த இடத்தில் வைத்திருக்கிறது. முதலில் வந்து உட்காருகிறவள் என்று எப்போதும் அவள் பெயரைத்தான் முதலில் தட்டுவேன். பழைய சுற்றுகளைத் திறந்தேன். போன வாரம் ஒன்று. அதற்கு முந்தைய வாரம் இரண்டு. வருடம் முழுக்க இப்படி.

"உன் டர்ன் எங்கம்மா?" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. "அது ரூல்தானண்ணா?"

"இன்னா ரூல்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வந்தா எனக்குக் கெடையாதுன்னு."

அப்படி ஒரு ரூலை எந்த மடையன் எழுதுவான்? நான்தான் எழுதியிருக்கிறேன்.

"யாரு சொன்னது? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"எல்லாரும் பாத்துனுதானே இருந்தீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. மத்த எடத்துலயும் அப்டித்தானே இருக்கு, இங்கயும் அப்டித்தான்னு நினைச்சேன்."

என் தோஸ்துகளைப் பார்த்தேன். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே, "நானும் ரூல்னுதான்டா நினைச்சேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே ஆள், மழைக்காலத்தில் ஒரு தரம் தன் முறை விட்டுப்போனபோது, "டேய், என் டர்ன் எங்கடா?" என்று கத்தியவன். அன்று அவனோடு ஒரே எண் உருட்டியவன் என் இன்னொரு தோஸ்து. அன்றைக்கு நான் என்ன செய்தேன்? "ஏதோ சின்ன தப்புடா, நீ ஆடு" என்று அவனுக்கு முறையைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். தப்பு இருப்பது எனக்குத் தெரியும். கத்தியவனுக்குச் சரிசெய்தேன், கத்தாதவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கண் முன்னாலேயே திருத்தினேன். ஒரே ஒரு வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்தச் சுற்றை மறுபடி ஆடலாம்மா. உன் வைத்தியக்காரி மருந்து குடிக்கட்டும்."

"இந்த ஒரு வருசம் பூரா விட்டுப்போனது?"

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். போய்விடுவாள், இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த வாரம் நான் நடத்துறேன். நீங்க மூணு பேரும் ஆடுங்க."

சரி சரி என்று அவசரமாகத் தலையாட்டினேன். தலையாட்டிய பிறகுதான் பயம் வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வந்தா இன்னா ரூலும்மா?"

"கேளுங்கண்ணா," என்றாள். "வாயத் தொறந்து கேட்டா சொல்றேன்."