கூறைக்கு மேலே ஒரு பட்டி

“…எண்டால், என்னை உந்தப் பனிக்குள்ளையே விட்டிட்டுப் போங்கோவன். ஆரும் தேடத் தேவையில்லை. படம் இருக்குந்தானே.”

ரொறன்ரோவில் ரூஜ் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் உள்ளே கால் வைத்ததும் எனக்கு முதலில் கேட்பது இந்தக் குரல்தான். அக்கா அந்த நேரம் குசினிக்குள் நின்று தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பாள். வாயே திறந்திருக்க மாட்டாள். சுவரில் மாட்டியிருக்கிற படத்தைக் கண்டவுடன் அது எனக்குள் தானாகக் கேட்கும். கதவளவு பெரிய படம். சிவப்புக் கூறைச் சீலையோடு அக்கா பனிக்கு நடுவில் நிற்கிறாள். பின்னால் ஊசி மாதிரி ஒரு மலைச்சிகரம். தலை ஒரு பக்கம் திரும்பி, கண் தாழ்ந்திருக்கிறது. வருகிற சனம் ஒருவர் பாக்கியில்லாமல் அதற்கு முன்னால் நின்று, “இந்த வயசிலையும் அன்ரிக்கு வெக்கத்தைப் பாருங்கோவன்” என்று சொல்லும். அத்தான் வயிறு குலுங்கச் சிரிப்பார். அது வெட்கமில்லை என்று சொல்ல என் வாய் உன்னும். குசினிப் பக்கம் பார்ப்பேன். அக்கா சீனிப் போத்தலை மூடிக்கொண்டிருப்பாள், மூடின போத்தலையே திரும்பவும் திருகி இறுக்கிக்கொண்டிருப்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். பெரிய படிப்பு இல்லை. ஆட்கள் பேசுகிறதைக் காதில் வாங்கி வாங்கித்தான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. யார் எந்த வார்த்தையை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பது எனக்கு மறக்காது. அத்தானிடமும் அப்படி ஒரு வார்த்தை இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டிடத்தில் மூவரும் ஒரே அறை வீட்டில் இருந்தோம். ஒருநாள் ஸ்ரீற்கார் தரிப்பில் காத்து நிற்கையில் முகத்தைக் கிழிக்கிற காற்று. அக்காவின் உடம்பில் இருந்தது யாரோ கொடுத்த மெல்லிய மேலங்கி. அத்தான் தன்னுடைய தடித்த கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றிப் போட்டுவிட்டு, வெறும் சேட்டோடு பல்லுக் கிடுகிடுக்க நின்றார். அக்கா திருப்பிக் கொடுக்கப் போக, “எனக்குக் குளிராதப்பா, நான் சூட்டுடம்பு” என்றார். வாய் நடுங்கினதில் அந்த வார்த்தை துண்டு துண்டாக வந்தது. இப்படி ஒருவன் என் அக்காவுக்குக் கிடைத்தானே என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அத்தானுடைய அறுபதாம் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்தாயிற்று. இங்கே எங்கள் சனத்தின் விழாக்களைக் கண்டவர்களுக்குத் தெரியும், விழாவைவிட வாசலால் உள்ளே வருகிறதுதான் பெரிய விஷயம். மண்டபத்து லைட்டை அணைத்து, திரையில் ஒரு வீடியோ ஓடும். விழாக்காரர் குதிரையிலோ கப்பலிலோ எங்கிருந்தோ வருவார்கள். வீடியோ முடிய அதே உடுப்போடு கதவு திறந்து புகைக்குள்ளால் நேரிலே வருவார்கள். றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற அத்தானின் கூட்டாளி ஒருவர் தன்னுடைய விழாவுக்கு ஹெலிகொப்ரரில் வந்து இறங்கினதாகப் படம் காட்டிவிட்டார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு சொன்னார்: “அவை ஆகாயத்தாலை வந்தவை. நாங்கள் மலையாலை வருவம்.”

அப்படித்தான் பிளேன் ஏறி, நாட்டின் மேற்குக் கரையில் பிசி மாகாணத்து மலைக்கு நாங்கள் போனது. அத்தான், அக்கா, வீடியோக்காரர், இங்கிலிஸ் கதைக்க நான். பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைலில் ஆட்களை மலைக்குள் கூட்டிப்போகிற ஒரு இடத்தில் பதிந்திருந்தார். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். வெயிலிலும் பனியிலும் தோலுரிந்த மூக்கு, கதை குறைவு. புறப்படுமுன் எல்லோருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி தந்தாள். பட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே ஜக்கற் போட வேண்டும். பனி சரிந்து ஆள் புதைந்துபோனால், அந்தக் கருவி விடுகிற சமிக்ஞையைப் பிடித்துத்தான் மற்றவர்கள் கிண்டி எடுப்பார்கள். குளிக்கும்போதுகூடக் கழற்றாதே என்று பகிடியாகச் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, “தாலியைவிட உது பாரமாயிருக்கு” என்றாள். அத்தானைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் பாதையை நான் குறை சொல்ல மாட்டேன். பைன் மரமெல்லாம் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு குனிந்து நின்றன. அக்கா எனக்குப் பின்னால் இருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வளைவு வருகிற இடமெல்லாம் “முருகா, முருகா” என்று ஹெல்மெற்றுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் பயம் தெளிந்து, “கொஞ்சம் வேகமாய்த்தான் விடன்ரா” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கன காலம். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. திரும்பிப் போயிருந்தால் அந்தப் பயணம் நல்ல பயணம்.

நடுவழியில் ஒரு மரக்குடில். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்தினோம். அத்தான் ரொறன்ரோவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மீன் ரோல்ஸை அவிழ்த்தார். எண்ணெய் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்து, மெழுகுதிரி மாதிரிக் கிடக்குது என்று பனியிலே துப்பினார். வாய் துடைத்து மஞ்சளாய்ப்போன ரிஷுக் கடதாசியையும் அப்படியே போட்டார். அந்தச் சுத்தமான வெள்ளைக்கு மேலே அந்தத் துப்பல் கிடந்த கிடையை நான் இன்னும் மறக்கவில்லை. வழிகாட்டிப் பெண் குனிந்து ரிஷுவை எடுத்து, கையுறையால் துப்பலையும் பனியோடு வழித்து ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அத்தான் அதைக் கண்டார். “அதுதானே அவவின்ரை வேலை” என்றார். தமிழில் சொன்னதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மாலைகள் ஒரு பெட்டிக்குள் வந்திருந்தன. ரோசாவும் மல்லிகையும். திறந்தால் பூவெல்லாம் உறைந்து கண்ணாடி. அத்தான் தூக்கின கையோடு இதழெல்லாம் நொறுங்கிக் கொட்டின. அவருக்குக் கோபம் ஏறத் தொடங்கினது அப்போதுதான். குடிலுக்குள் அக்கா குளிருடுப்புக்கு மேலே கூறை உடுத்து, அதற்கு மேலே திரும்பவும் அந்தத் தடித்த ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மேலே, மரமில்லாத சரிவில் போய் ஜக்கற்றைக் கழற்றிவிட்டு இருவரும் ஸ்னோமொபைலில் இறங்கி வர வேண்டும்; வீடியோக்காரர் கீழே நின்று எடுப்பார். இதுதான் திட்டம். அக்கா தயங்கினாள். குளிருமே என்றாள். அத்தான் அவள் தோளில் தட்டிச் சொன்னார்: “உனக்குக் குளிராதப்பா, நீ சூட்டுடம்பு.”

அதே வார்த்தை. அதே குரல். அன்றைக்குத் தன்னுடைய கோட்டைக் கழற்றுவதற்காகச் சொன்னது, இன்றைக்கு அவளுடைய ஜக்கற்றைக் கழற்றுவதற்காக வந்தது. சொன்னவருக்கே அது தெரியவில்லை. ஒரு மனிதன் தன்னுடைய நல்ல காலத்து வார்த்தையை எடுத்து இப்படி அழுக்குத் துடைப்பதைப் பார்க்கிற அருவருப்பு, நாறின மீனைப் பார்க்கிற அருவருப்பைவிடக் கூட.

மேலே போகுமுன் வழிகாட்டி எங்களைத் திரும்பவும் பரிசோதித்தாள். உடுப்பு மாற்றினால் கட்டாயம் பார்ப்பது அவளுடைய வழக்கம். அவள் ஒரு இடத்தில் நிற்க, நாங்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து நடக்க வேண்டும். கடக்கிறவரின் கருவியை அவள் கையில் இருக்கிற கருவி சத்தம் போட்டுக் காட்டும். நான் கடந்தேன். வீடியோக்காரர் கடந்தார். அக்கா கடந்தபோது அந்தக் கருவி சத்தம் போடவில்லை. திரும்ப நடக்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை. பிறகு அத்தான் நடந்தார். வழிகாட்டி தன் கைக்கருவியைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

“உங்களுக்குள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்” என்றாள்.

அக்காவின் கருவி அத்தானின் பொக்கற்றுக்குள் இருந்தது. கூறை உடுக்கும்போது, வழிகாட்டியிடம் கேட்டாயிற்று, அவ கழற்றலாம் எண்டவ என்று அக்காவிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். அக்காவுக்கு இங்கிலிஸ் அவ்வளவு வராது. புருசன் சொன்னால் சரியாயிருக்கும் என்று கொடுத்துவிட்டாள். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. என்னிடம்தான் சொன்னாள், இதை உன் அக்காவுக்குச் சொல் என்று. நான் வாய் திறக்குமுன் அத்தான் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, உதை அப்பிடியே சொல்லாதை. மேலை போய் வடிவாய் நிக்கட்டாம் எண்டு மட்டும் சொல்லு.”

நான் கையை உதறிவிட்டு அப்படியே சொன்னேன். “அக்கா, உங்கடை கருவி அத்தான்ரை பொக்கற்றுக்குள்ளை கிடக்குது. மேலை பனி சரிஞ்சால் எல்லாரும் அத்தானைத்தான் கிண்டுவம். உங்களை எங்கை தேடுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். கழட்டச் சொல்லி அவ ஒருநாளும் சொல்லேல்லையாம்.”

அக்கா அத்தானைப் பார்த்தாள். “அவ ஓமெண்டவ எண்டியளே?”

அத்தானுக்கு முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அதைத்தான் நான் கூர்ந்து தேடினேன். கொஞ்சமாவது இருந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். “ஒரு நிமிச அலுவலப்பா. அதுக்குள்ளை மலை விழுந்திடுமே? உதைக் கட்டினால் சீலைக்குள்ளை பொதி மாதிரித் தெரியும். ஊரே பாக்கப் போற படம். அந்த ஹெலிக்காரர் பாத்துச் சிரிக்கோணுமே?”

அதற்கு அக்கா சொன்ன மறுமொழியைத்தான் நான் மேலே முதலில் எழுதினேன்.

அன்றைக்கு மலை சரியவில்லை. மேலே போக முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டாள், எல்லோரும் குடிலடியிலிருந்தே திரும்பினோம். அத்தான் விடவில்லை, அலுவலகத்தில் நின்று அந்தப் பெண்ணைப் பற்றி, வாடிக்கையாளரை மதிக்கத் தெரியாதவள் என்று முறைப்பாடு சொன்னார். அதை இங்கிலிஸில் சொல்ல என்னைக் கூப்பிட்டார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். தனக்குத் தெரிந்த அரைகுறையில் தானே சொன்னார். ஹோட்டலுக்கு வந்து மாலைகளைக் குளிக்கிற தொட்டிக்குள் சுடுதண்ணியில் போட்டார், உயிர் வரும் என்று. காலையில் நான் பார்த்தபோது தொட்டி நிறையக் கறுத்த கூழ். மல்லிகை செத்தால் அப்படியொரு மணம் வரும் என்று எனக்குத் தெரியாது. கையால் அள்ளிக் குப்பைப் பைக்குள் போட்டேன். இரண்டு நாளாக நகத்துக்குள் இருந்து அந்த நாற்றம் போகவில்லை.

விழாவன்று மண்டபத்தில் லைட் அணைந்தது. கீழ்ப்பாதையில் அத்தான் தனியாக ஓட்டிப்போன துண்டை முன்னும் பின்னுமாக வெட்டி ஒட்டி, பாட்டும் போட்டு, முடிவில் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிற இந்தப் படத்தை நிறுத்தினார்கள். சனம் விசிலடித்தது. குடிலின் விறகுக் குவியலுக்கு முன்னால் நின்றவளுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்த சிகரம் ஒன்று முளைத்திருந்தது. அது பரவாயில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே இருந்ததையும் கொம்பியூட்டரில் அழித்துவிட்டார்கள். அழித்தவன் அவசரக்காரன். கூறையின் சரிகைக் கொடி தோளிலிருந்து இறங்கி வந்து ஓரிடத்தில் குழம்பி, பிறகு வேறெங்கோ தொடங்குகிறது. படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அந்தக் குழம்பின இடத்தைத்தான் பார்ப்பேன். போன கிழமையும் பார்த்தேன். அக்கா தேத்தண்ணியை நீட்டினபோது என் கண் போன இடத்தை அவளும் கண்டாள்; கோப்பையை என் கையில் வைத்து, வெறுங்கையால் தன் நெஞ்சை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் குடிலடியில், படம் இருக்குந்தானே என்று சொல்லிவிட்டு அக்கா அத்தானிடம் நடந்து போனாள். அவருடைய பொக்கற் சிப்பைத் தானே இழுத்துத் திறந்து, தன்னுடைய கருவியை வெளியே எடுத்தாள். ஜக்கற்றைக் கழற்றி என் கையில் தந்தாள். அந்தக் குளிரில், எல்லோரும் பார்க்க, சிவப்புக் கூறைக்கு மேலே, சரிகைக்குக் குறுக்கே அந்தக் கறுத்த பட்டியைப் போட்டு இறுக்கினாள். வீடியோக்காரர் பழக்கதோசத்தில் ஒரு படம் எடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வழிகாட்டிக்கு முன்னால் போய் நின்று, அவள் கையில் இருந்த கருவி சத்தம் போடும்வரை பார்த்திருந்துவிட்டு, ஜக்கற்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, வழிகாட்டியின் ஸ்னோமொபைலில் பின்னால் ஏறி இருந்தாள்.