வாறாளாம் எங்கட செலீனா

டென்மார்க்கில் தமிழ்க் கலியாண வீடு ஒன்றுக்குப் போய், அந்தோனிதாசனின் பாட்டைக் கேட்காமல் திரும்பியவர் எவரும் இருக்க முடியாது. பாட்டை எல்லாருக்கும் தெரியும்; ஆளைத் தெரியாது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு எங்கள் சனம் வழக்கமாகக் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான். எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் நீலத் தொப்பியும் றப்பர் சப்பாத்துமாக நிற்கிற அந்த நெட்டை மனிசன்தான் அதை எழுதினவர் என்று யாராவது சொன்னால், "சும்மா விடுங்கோ" என்று சிரிப்பார்கள்.

அவர் மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் பிறந்தவர். எண்பத்தாறில் இங்கே வந்து, செஞ்சிலுவைக்காரரின் முகாமில் உருளைக்கிழங்கு தின்று அலுத்து, வேலை கிடைத்த முதல் நாளிலிருந்து மீனோடேயே மல்லுக்கட்டினவர். வலது தோள் எப்போதோ போய்விட்டது. பாட்டெல்லாம் மெஷின் சத்தத்தில் பிறந்தவை. தாளத்துக்குத் தலையை ஆட்டி, கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுப்பார். பக்கத்தில் நின்ற டெனிஷ்காரி ஒருத்தி, மனிசனுக்குப் பல்லுவலி என்று நினைத்து ஒருமுறை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை ஏன் நோகடிப்பது என்று வாங்கி விழுங்கினார்.

அந்தக் கலியாணப் பாட்டு அவருடைய தங்கச்சிக்காகக் கட்டியது. செலீனாவை மன்னாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன்காரனுக்கு அப்போது விசா இல்லை, போக வழியில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு வேறென்ன அனுப்புவது? வசந்தன் கூத்து மெட்டு ஒன்றை எடுத்து, முகாமில் பழகிய சிநேகிதனின் ரெக்கோடரில் பாடி, கசற்றை அனுப்பிவைத்தார்.

வாழை கட்டி வண்டி பூட்டி
வாறாளாம் எங்கட செலீனா
எட்டி எட்டிப் பாத்து நிக்கான்
ஏலாமப் போன மாப்பிள்ள

கசற் மன்னாருக்குப் போய்ச் சேருவதற்குள் இங்கே பத்து வீட்டில் பிரதி எடுத்துவிட்டார்கள். முதன்முதலாக ஒரு கலியாண மண்டபத்தில் பாடக் கூப்பிட்டார்கள். இரண்டாவது வரி முடியவில்லை, பெண்ணின் தகப்பன் எழும்பிவிட்டார். "ஆரப்பா அந்தச் செலீனா? எங்கட பிள்ளையின்ர பேர் ஷர்மினி எல்லோ!" என்று சண்டைக்கு நின்றார். அன்றோடு பாட்டில் செலீனாவின் பேர் வருகிற இடம் வெறும் இடமாகிவிட்டது. பாடுகிறவர் "வாறாளாம் எங்கட" என்று இழுத்து நிறுத்துவார். மண்டபம் முழுக்க மணப்பொம்பிளையின் பேரைச் சொல்லிக் கத்தும். அதை எடுத்து மெட்டில் உட்காரவைத்து அவர் மேலே போவார். இருபது வருடத்தில் எத்தனையோ பேர் அந்த இடத்தில் வந்து போனார்கள். செலீனா வரவேயில்லை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "என்ர பாட்ட ஊருக்கெல்லாம் பங்கு வைச்சிட்டீங்க, என்னண்ணா" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் தர்மபுரத்திலிருந்து அவளுடைய குரல் கடைசியாக வந்தது. சண்டை துரத்தத் துரத்த, மன்னாரிலிருந்து வன்னிக்குள் இழுபட்டுப் போயிருந்தார்கள். "அண்ணா, இஞ்சயும் இருக்கேலாது. நாங்க வெளிக்கிடுறம். மறுகா எடுக்கிறன்" என்றாள். மறுகா அவள் எடுக்கவில்லை.

அந்த வசந்தகாலம் முழுவதும் லீவு எடுத்து எடுத்து, கொப்பன்ஹேகன் பாராளுமன்றத்துக்கு முன்னால் எல்லாரோடும் நின்று கத்தினார். தொண்டை கட்டிப்போனது. வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. மறுநாள் வேலைக்குப் போனபோது மேற்பார்வையாளன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே! சந்தோசம்!" என்றான். நல்ல மனிசன்; மனமாரத்தான் சொன்னான். அந்தோனிதாசன் "தக்" என்று நன்றி சொல்லிவிட்டு மெஷினடிக்குப் போனார். அன்றைக்கு அவர் தலை ஆடவில்லை.

பிறகு ஊரே அடங்கிப்போனது. கத்தின சனமெல்லாம் வேலைக்குப் போய் வந்து திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டது. யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் "ஏதும் தகவல் வந்ததோ?" என்று கேட்க வேண்டும், அதைக் கேட்கவும் ஒருவருக்கும் தெம்பில்லை.

அந்தோனிதாசனின் மனைவி மாக்கிரட் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள், காரியக்காரி. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமத் தமிழ்ப் பூசைக்கு செலீனா மச்சாளிட பேரக் குடுப்பமா?"

"எதுக்கெண்டு குடுக்கப் போறாய்?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அங்கேதான் சிக்கல். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழில் பூசை நடக்கும். பேர் கொடுக்கப் போனால் கோயில் பொறுப்பாளர் ஒரு கேள்வி கேட்பார்: உயிரோடு இருக்கிறவர்களுக்கான மன்றாட்டா, மரித்தவர்களின் இளைப்பாற்றிக்கா? இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தோனிதாசனால் இரண்டையும் சொல்ல முடியவில்லை. அன்றோடு அந்தப் பேரையே வாயில் எடுக்காமல் விட்டார். மாக்கிரட்டும் விட்டாள்.

இந்த நேரத்தில்தான் குலேந்திரன் வந்து சேர்ந்தான். கோல்டிங்கில் பொறியியலாளன், யாழ்ப்பாணத்துப் பெடியன். தமிழ்க் கலைக்கு ஏதாவது செய்யாவிட்டால் சாப்பாடு செமிக்காத பிறவி. முந்தின வருடம் எஸ்பியர்க்குக்கு அங்கால் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் டெனிஷ் நாட்டுப்பாட்டுக்காரரின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்திருக்கிறான். அகலத் தொப்பி போட்ட நாலு பேர் உயரமான முக்காலிகளில் ஏறியிருந்து, எங்கள் பாட்டு இப்படித்தான் பிறந்தது என்று கதை சொல்லி, தாங்களே எழுதினதைத் தாங்களே பாடினார்களாம். நாங்களும் அதையே செய்வோம் என்று, ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு அதே தியேட்டரைப் பிடித்துவிட்டான். அப்போது வைகாசி இப்படி வரும் என்று யார் கண்டது?

நிற்பாட்டச் சொன்னவர்கள் பலர். அவன் மசியவில்லை.

"அண்ணை, மூண்டு கிழமையா ஒருத்தரும் கதவு திறக்கேல்லை. சனம் ஒரு இடத்தில வந்து இருக்கட்டும். அழுறதெண்டாலும் சேந்திருந்து அழட்டும்."

"என்னை விடு தம்பி. எனக்கு ஏலாது."

"நீங்கள் இல்லாமல் நிகழ்ச்சியோ? ஆனா ஒண்டண்ணை, கசற்றில இருக்கிற மாதிரியே பாடோணும். கலியாண வீட்டுப் பேர் விளையாட்டு மேடைக்கு வடிவில்லை."

"அப்ப வேற பாட்டுப் பாடுறன்."

குலேந்திரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "வேற பாட்டு இருக்கோ அண்ணை?"

ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தது. அதைச் சொல்லவும் அவருக்கு அலுப்பாக இருந்தது. "சரி, வாறன்" என்று வாக்கைக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் தியேட்டர் வாசலில் தொப்பிக்காரரின் விளம்பரம் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே சிவப்பு மெத்தைக் கதிரைகள். ஒடென்சே, கோல்டிங் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மண்டபம் நிறைந்திருந்தது. நிறைந்த மண்டபம் இவ்வளவு அமைதியாக இருந்ததை எங்கள் சரித்திரத்தில் யாரும் கண்டதில்லை. பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. மௌன வணக்கத்துக்கு எழும்பச் சொன்னார்கள், எழும்பினார்கள். இருக்கச் சொன்னார்கள், இருந்தார்கள்.

மேடையில் மூன்று முக்காலிகள். ஒடென்சே இரத்தினசிங்கம் முதலில் பாடினார். கடைசிச் சரணத்துக்கு முன் குரல் உடைந்து, "மன்னியுங்கோ" என்று நிறுத்திக்கொண்டார். கோல்டிங் சின்னமணி பகிடிப் பாட்டுக்காரர். தன் பாட்டு பிறந்த கதையைச் சொன்னார். சனம் அவருக்காகக் கொஞ்சம் சிரித்தது. அது அழுகையைவிடப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தோனிதாசனின் முறை வந்தது. தங்கச்சிக்கு எழுதின பாட்டு என்று கதை சொல்ல வேண்டும். "இது ஒரு கலியாணப் பாட்டு. உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி, முக்காலியில் விரலால் தட்டத் தொடங்கினார்.

"வாழை கட்டி வண்டி பூட்டி, வாறாளாம் எங்கட..."

அதோடு நின்றுவிட்டார். அடுத்து வரவேண்டியது செலீனாவின் பேர். அவள் வருகிறாள் என்று இத்தனை சனத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு பாடுவது? சொல்லாமல் விட்டால், தன் வாயாலேயே அவளைப் புதைத்ததாகிவிடும். கோயில் பொறுப்பாளரின் அதே கேள்வி மேடைக்கும் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் போடுகிற டெனிஷ்காரன் லாஸ், இடைவேளை வந்துவிட்டது என்று நினைத்து மண்டப விளக்கெல்லாவற்றையும் போட்டுவிட்டான். இருட்டுக்குள் ஒளிந்திருந்த சனத்தின் முகங்கள் அத்தனையும் வெளியே வந்தன. வீங்கின கண்கள், தலை சீவாத பெண்கள், சவரம் செய்யாத ஆண்கள்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. அது எங்கள் சனத்தால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அந்த இடத்தில் பாட்டு நின்றால் பேர் சொல்ல வேண்டும் என்பது இருபது வருடப் பழக்கம். பின்வரிசையில் ஒரு பெண், தான் எங்கே இருக்கிறாள் என்பதையே மறந்தவளாகக் குரல் கொடுத்தாள்.

"தங்கமலர்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "என்ர அக்கா. புதுக்குடியிருப்பு" என்றாள்.

அந்தோனிதாசன் யோசித்துச் செய்ததாக நான் சொல்லமாட்டேன். பேர் வந்தால் பாட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மீன் வந்தால் கை தானாகப் போகிற மாதிரித்தான்.

"வாறாளாம் எங்கட தங்கமலர்..."

யாரோ கை தட்டினார்கள், கலியாண வீட்டில் தட்டுகிற அதே தாளத்தில். அது பரவியது. இடது பக்கத்தில் ஒரு மனிசன் எழும்பினான். "யூட்! என்ர தம்பி!" அந்த இடத்தில் ஓர் ஆணின் பேர் அதுவரை வந்ததில்லை. அவர் தடுமாறவில்லை. "வாறானாம் எங்கட யூட்டு" என்று மாற்றிப் பாடினார். பிறகு நிற்கவேயில்லை. ஒரு பேர் முடியுமுன் இன்னொரு பேர் வந்தது. சின்னப் பிள்ளைகளின் பேரும் வந்தது. மண்டபம் அழுதுகொண்டே கை தட்டியது. பேர் விளையாட்டு வேண்டாம் என்ற குலேந்திரன் மேடை ஓரத்தில் நின்று, தன் வீட்டுப் பேர் ஒன்றை, "செல்வமலர்" என்றான். யாருக்கும் கேட்காதோ என்று பயந்து மறுபடியும் கத்தினான்.

லாஸ் அவன் பக்கத்தில் வந்து கேட்டான்: இது மணப்பெண்ணை அழைக்கிற பாட்டு என்றாயே, இத்தனை பேருக்குமா கலியாணம்? குலேந்திரன் கண்ணைத் துடைக்காமலே "யா" என்றான்.

கடைசியில் பேர்கள் ஓய்ந்தன. அந்தோனிதாசனின் குரல் கரகரத்துப்போயிருந்தது. தோள் தெறித்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. "வாறாளாம் எங்கட" என்று இழுத்து, மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே மாக்கிரட் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். இவ்வளவு நேரமும் அவள் வாய் திறக்கவில்லை. எழும்பவில்லை, கத்தவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"செலீனா."

அவர் பாடினார். நாலு வரியையும் கசற்றில் இருந்தபடியே, மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பது வரைக்கும் பாடி முடித்துவிட்டு முக்காலியிலிருந்து இறங்கினார்.

திரும்பிப் போகும்போது மாக்கிரட்தான் கார் ஓட்டினாள். வெய்யில் இன்னும் உயரத்தில் நின்றது. இரண்டு பக்கமும் பச்சை வயல். மாடுகள் கவலையில்லாமல் படுத்திருந்தன. எஸ்பியர்க்கின் புகைபோக்கி தெரியத் தொடங்கியபோது அவர் கேட்டார்.

"நாளைக்குத்தானே தமிழ்ப் பூசை?"

"ஓம்."

"பேரக் குடு."

அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "எதுக்கெண்டு குடுக்கிற?"

அவர் விரல் முழங்காலில் ஒருமுறை தட்டி நின்றது.

"உயிரோட இருக்கிற ஆக்களுக்கெண்டு குடு" என்றார். "இந்த மாசத்துக்கு மட்டும்."