சொரசொரப்பு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். ஆபரேஷன் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்து அடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கத்தரிக்கோலின் மூட்டில் கடுகளவு கறை ஒட்டியிருந்தாலும் லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அழுக்கைக் கண்டால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

முதுகு வலிக்கு ஏதாவது விளையாடும்படி டாக்டர் சொல்லப்போக, நாத்தனார் அவளை பிக்கிள்பாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். டென்னிஸ் மாதிரிதான். சின்ன ஆடுகளம், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, நரம்பு கட்டாத தட்டை மட்டை. ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஞாயிறு தவறாமல் நாத்தனாரிடம் தோற்பதுதான் பிடிக்கவில்லை. அவள் அடிக்கிற பந்து தரையில் பட்டதும் எங்கேயோ வளைந்து நழுவி ஓடும்.

"மட்டையிலதான் இருக்கு அண்ணி விஷயம். ஸ்பின்னுக்குன்னே தனியா விக்கிறாங்க, ஒண்ணு வாங்கிக்கோங்க," என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை கடைக்குப் போனாள். அடித்துப் பார்ப்பதற்கென்று பத்துப் பன்னிரண்டு மட்டைகளை மாட்டி வைத்திருந்தார்கள். முதல் மட்டையின் பிடியைத் தொட்டதுமே உடம்பு கூசியது. யார் யாரோ வேர்த்து வழிந்த பிசுபிசுப்பு. போதாக்குறைக்கு, விற்பவன் விரலை நாக்கில் தொட்டு மட்டையின் முகத்தில் தேய்த்துக் காட்டினான்.

"பாருங்க மேடம், எப்படிப் பிடிக்குதுன்னு. பந்து ஒட்டிக்கிட்டுத்தான் போகும்."

அவள் பையிலிருந்த ஸ்பிரிட் துணியை எடுத்து அவன் எச்சிலைத் துடைத்தாள். பிறகு நகத்தால் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது.

"இது பெயின்ட்ல பொடி கலந்து பூசினது. எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"வருஷக்கணக்கா நிக்கும் மேடம்," என்றான் வாய் கூசாமல்.

அதற்குமேல் அவனிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, சுரண்டி, லென்ஸில் பார்த்தாள். ஆறாவது மட்டையில் பொடி வரவில்லை. மேலே எதுவும் பூசாமல் கார்பன் இழைத் துணி ஒட்டிய முகம்; சொரசொரப்பு நெசவிலேயே இருந்தது. உள்ளே கொஞ்சம் தடிமன், பந்து ஒரு கணம் தங்கிப் போகும். பிடியும் நீளம், கையை வீசி அடிக்கத் தோது. அதிலேயே பிரிக்காத புதுசாக ஒன்று வாங்கினாள்.

மூன்று மாதம், பந்தைக் கீழிருந்து மேலே வழித்து அடித்துப் பழகினாள். பந்து சுழன்றது. ஆனாலும் நாத்தனாரின் பந்து போல் ஓடவில்லை. ஒரு ஞாயிறு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்வதற்காக நாத்தனார் தன் மட்டையை அவள் கையில் கொடுத்தாள். பழக்கதோஷம், லென்ஸ் வெளியே வந்தது. நெசவுக்குக் குறுக்கே வரிவரியாகக் கீறல்கள்.

"உப்புத்தாள் போட்டியா?"

"மாசத்துக்கு ஒரு தடவை, லேசா. எல்லாரும் பண்றதுதானே அண்ணி. உங்களுதையும் குடுங்க, தேச்சுத் தரேன்."

சொரசொரப்பைக் கூட்ட அப்படித் தேய்ப்பது விதிக்கு விரோதம் என்று அந்த ஆடுகளத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நாத்தனார் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தாள். எட்டுக்குப் பதினொன்று என்று தோற்றாள். முடிந்ததும் மட்டையோடு மட்டை தட்டிக்கொள்வது வழக்கம். நாத்தனார் மட்டையை நீட்டினாள். இவள் தன்னுடையதை உறைக்குள் போட்டு மூடினாள்.

வீட்டில் புருஷன், "விளையாட்டுதானே, இதுக்குப் போய் அவகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா?" என்றான்.

"உங்க தங்கச்சி வீட்டுக்கு வரட்டும், சோறு போடுறேன், சிரிச்சுப் பேசுறேன். அவகூட ஆட மட்டும் சொல்லாதீங்க. தொண்டைவரைக்கும் வருது."

இப்போது புதன்கிழமைகளில் பஸ் ஓட்டுகிற ஒருத்தியோடு ஆடுகிறாள். அங்கேயும் பாதி நாள் தோல்விதான். அண்ணிக்குத் தோற்கத் தெரியவில்லை என்று நாத்தனார் சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருப்பது காதுக்கு வந்தது. "ச்சீ" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான்.